தொலைந்த இடைப்படி: ஆங்கிலக் கீதாஞ்சலியும் செம்மையாக்குநர் பணியும்

தமிழில் ‘பதிப்பாசிரியர்’ என்னும் சொல் ஒன்றுக்கு மேற்பட்ட பணிகளைச் சுமந்து நிற்கிறது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்து அச்சேற்றியவர் பதிப்பாசிரியர் எனப்பட்டார். பலர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து முன்னுரை எழுதுபவரும் அப்பெயராலேயே குறிக்கப்படுகிறார். இவ்விருவரினும் வேறான மூன்றாமவர் ஒருவர் உண்டு. உயிரோடிருக்கும் ஆசிரியர் ஒருவரின் கையெழுத்துப்படி அச்சுக்குச் செல்லுமுன் அதை வாசித்து, எதை வைப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் அமைப்பது, எங்கு நடை தளர்கிறது என்று கூறி, நூல் உருப்பெற உதவுபவர் அவர். செப்பனிடுபவர், செம்மையாக்குநர், ‘எடிட்டர்’ எனப் பலவாறு அவரைச் சுட்டுகிறோம். நிலைபெற்ற பெயர் இன்னும் அமையவில்லை. இக்கட்டுரை ‘செம்மையாக்குநர்’ என்பதைக் கையாள்கிறது. மெய்ப்புத் திருத்துபவர் இவரல்லர். மெய்ப்புத் திருத்துபவரின் பணி நூல் முடிவுற்ற பின்னர்த் தொடங்குகிறது. செம்மையாக்குநரின் பணியோ நூல் இன்னும் நூலாகாத நிலையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆங்கிலப் பதிப்புலகில் இப்பணி இன்று தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. பதிப்பகம் அமர்த்தும் செம்மையாக்குநர் இருக்க, ஆசிரியரே தம் பொருளைச் செலவிட்டு ஒருவரை அமர்த்திக்கொள்ளும் வழக்கமும் பரவியுள்ளது. இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற்குத் தாமே மொழிபெயர்ப்போர் பலர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் படியைக் கொடுத்துப் ‘பார்த்துத் தரச்’ சொல்வது இதற்கு முந்திய வழக்கு. பார்த்துத் தருதல் என்பதன் எல்லை யாது, அதற்கு விலை உண்டா, அது நூலில் குறிக்கப்பட வேண்டுமா என்னும் வினாக்கள் அவ்வழக்கில் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. எழுப்பப்படாததன் விளைவை இந்திய இலக்கிய வரலாற்றில் மிகத் தெளிவாகக் காட்டும் நூல் 1912இல் வெளிவந்த ஆங்கிலக் கீதாஞ்சலி.

குறிப்பேடும் தட்டச்சுப்படியும்

இரவீந்திரநாத தாகூர் 1912 மார்ச்சில் இங்கிலாந்து செல்லவிருந்தார். உடல்நலம் குன்றியதால் பயணம் தடைப்பட்டது. ஓய்வுக்காகப் பத்மை ஆற்றங்கரையிலுள்ள சிலைதஹ சென்றவர், புதிதாக எழுதும் வலிமையின்றி, தம் வங்கக் கவிதைகளை ஆங்கில உரைநடையில் பெயர்க்கத் தொடங்கினார். மே மாதம் கப்பலேறிய பின்னரும் அப்பணி தொடர்ந்தது. இச்செய்திகளைத் தம் அண்ணன் மகள் இந்திரா தேவிக்கு 1913 மே மாதம் எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். தேநீர் விருந்துக்கான ஆங்கில அழைப்புக்கு விடை எழுதவும் துணிவற்றவராகத் தம்மை அக்கடிதத்தில் காட்டிக்கொள்கிறார். இதில் பணிவும் நகைச்சுவையும் கலந்திருப்பினும் அடிப்படையில் ஓர் உண்மை இல்லாமலில்லை.

லண்டனில் அக்குறிப்பேடு அடங்கிய பையை மகன் ரதீந்திரநாதர் சுரங்க இரயிலில் தவறவிட்டதும், மறுநாள் இழந்த பொருள் அலுவலகத்தில் அது மீண்டும் கிட்டியதும் பலரும் அறிந்த கதை. இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாத தொலைவு அதுவன்று. பின்னர் நிகழ்ந்த வேறொன்று.

ஓவியர் வில்லியம் ரோதன்ஸ்டைன் குறிப்பேட்டைப் பெற்று, அதைத் தட்டச்சு செய்வித்து, கவிஞர் யேட்ஸ் உள்ளிட்ட சிலருக்கு அனுப்பினார். யேட்ஸ் ஆர்வமிகுதியால் அதைப் பல நாள் உடன் கொண்டு திரிந்தார். தாகூருடன் அமர்ந்தும் தனித்தும் தட்டச்சுப் பக்கங்களில் பென்சிலால் திருத்தங்கள் குறித்தார். 1912 செப்டம்பரில் முன்னுரை எழுதினார். நவம்பரில் லண்டன் இந்தியா சங்கம் 750 படிகள் அச்சிட்டது. 1913 மார்ச்சில் மாக்மில்லன் நிறுவனம் அதைப் பொதுமக்களுக்கான நூலாக வெளியிட்டது. வங்க மூலத்திலிருந்து ஆசிரியரே செய்த உரைநடை மொழிபெயர்ப்புகள் என்று தலைப்புப் பக்கம் கூறுகிறது. யேட்ஸின் முன்னுரையில் அவர் திருத்தியது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, தாகூர் தம் கவிதைச் சிந்தனையைத் தம் சொந்த ஆங்கிலச் சொற்களிலேயே வெளியிட்டு மேலை இலக்கியத்தின் பகுதியாக்கினார் என்று பரிசுரை அழுத்தமாகக் குறிப்பிட்டது. நண்பர் ஒருவர் பார்த்துத் தந்த படி, அவ்வுரையால் உலகச் சான்றாவணமாக மாறியது. அந்த ஆங்கிலச் சொற்கள் உண்மையில் யாருடையவை என்னும் ஐயம் உடனே எழுந்தது. கீதாஞ்சலியின் வெற்றிக்கு யேட்ஸ் அதைத் திருத்தி எழுதியதே காரணம் என்ற பேச்சு இந்தியாவிலும் நிலவியதாக ரோதன்ஸ்டைன் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

மூவர் கூற்று

இப்பேச்சு பொய் என்பது ரோதன்ஸ்டைனின் முடிவு. ஆங்கிலக் குறிப்பேடு அவரிடமே இருந்தது. யேட்ஸ் அங்குமிங்கும் சிறு மாற்றங்களைக் கூறினாரேயன்றி, நூலின் பெரும்பகுதி தாகூர் கையிலிருந்து வந்தவாறே அச்சாயிற்று என்பது அவர் சான்று.

யேட்ஸின் கூற்று வேறு. 1917 ஜனவரியில் மாக்மில்லனுக்கு எழுதிய கடிதத்தில், கீதாஞ்சலிக்கும் அதையடுத்து வந்த ‘தோட்டக்கார’னுக்கும் தாம் செய்த திருத்தங்கள் எத்துணைப் பெரியவை என்பதைப் பதிப்பகம் அறிந்திராது என்கிறார். ஆசிரியரின் பொருளை வெளிக்கொணர்வதே நோக்கம். ஆயினும் அதற்குச் சொற்றொகுதியை இடையறாது திருத்த வேண்டியிருந்தது, ஓசையமைதியை அதனினும் மிகுதியாகத் திருத்த வேண்டியிருந்தது என்கிறார். வாக்கியங்கள் பலவற்றை நீக்கியதாகவும், சில வாரங்கள் செலவிட்டதாகவும், அவ்வுழைப்பு மகிழ்ச்சியே தந்ததாகவும் எழுதுகிறார். நூலில் நன்றி குறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரும் அவரே. குறித்தால் தாகூரின் இந்தியப் பகைவர்கள் அதை மிகைப்படுத்தித் தாக்குவர் என்பது அவர் சொன்ன காரணம்.

தாகூரின் கூற்று இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. மூன்றினும் நேர்மை மிக்கதும் அதுவே. 1915இல் அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தம் தொகைநூலில் கீதாஞ்சலியின் 67ஆம் கவிதையைச் சேர்க்க விரும்பி, அதன் ஆங்கிலத்தைத் தம் செவிக்கேற்ப மாற்றி ஒப்புதல் கேட்டார். தாகூர் தயங்கினார். அத்தயக்கத்தின் காரணத்தை 1915 ஏப்ரலில் ரோதன்ஸ்டைனுக்கு எழுதுகிறார். ஆங்கில எழுத்தாளர் என்னும் புகழ் கிட்டிவிட்டபின் தம் ஆங்கிலத்தில் பிறர் கைவைப்பதை ஏற்கத் தயக்கமாக உள்ளது. பிறர் திறமையால் பயனடைந்தவர் என்ற பழிக்கு இடங்கொடுக்கலாகாது. யேட்ஸ் அளவோடுதான் ஆலோசனை கூறினார், திருத்தும்போது தாமும் உடனிருந்தார். ஆயினும் மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது எளிது, யேட்ஸின் பங்கைத் தாம் காலப்போக்கில் மறந்துவிடவும் கூடும். அடுத்து அவர் கூறுவதுதான் ஆராய்ச்சியாளரைத் திடுக்கிடச் செய்வது: முதல் வரைவு ரோதன்ஸ்டைனிடம் உள்ளது, ஆனால் யேட்ஸ் பென்சிலால் திருத்திய தட்டச்சுப் பக்கங்களைத் தாம் தொலைந்துபோக விட்டுவிட்டார். தம் எழுத்து ஆங்கில இலக்கியத்தில் இடம்பெறும் என்று அப்போது அவர் எண்ணியிருக்கவில்லை.

இடைப்படி இல்லை. முதற்படியும் முடிந்த படியும் மட்டுமே உள்ளன. குறிப்பேடு இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது. அதில் 83 கவிதைகளும் அச்சு நூலில் 103 கவிதைகளும் உள்ளன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வேறுபாடுகளை எண்ணலாம். எண்ணியவர்கள் உண்டு. வில்லியம் ரேடிச் 2011இல் பெங்குவின் வழி வெளியிட்ட பதிப்பில் குறிப்பேட்டின் பாடத்தையும் வரிசையையும் மீட்டுத் தந்து, பத்திப் பிரிப்பு, நிறுத்தக்குறி, சொல், கவிதைகளின் வரிசை ஆகியவற்றில் நேர்ந்த மாற்றங்கள் மூலத்தின் இயல்பைக் குலைத்தன என்று வாதிட்டார். வேறுபாடு உண்டு என்பது இதனால் மெய்ப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு வேறுபாட்டிற்கும் உரியவர் யார் என்பது அதனால் மெய்ப்பிக்கப்படுவதில்லை. உடனிருந்த தாகூரே சொன்ன திருத்தத்தை யேட்ஸின் பென்சில் எழுதியிருக்கலாம்.

ரோதன்ஸ்டைனின் ‘சிறிது’ம் யேட்ஸின் ‘பெரிது’ம் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றும். மொழியியல் நோக்கில் அவை முரண்பட வேண்டியதில்லை. முன்னவர் இரு படிகளை ஒப்பிட்டு மாறிய சொற்களைக் காண்கிறார். பின்னவர் செலவிட்ட நாட்களையும் செவியின் உழைப்பையும் கணக்கிடுகிறார். யாப்பில்லாத உரைநடைக் கவிதையில் ஓசையைத் தாங்குவன வாக்கிய நீளமும், நிறுத்தமும், பத்தி முறிவுமே. அங்கு ஒரு காற்புள்ளியை நீக்குவது மரபுக்கவிதையில் ஒரு சீரை மாற்றுவதற்கு ஒப்பானது. சொற்கணக்கில் அது சுழியம். ஓசைக் கணக்கில் அவ்வாறன்று. மேலும், நீக்கப்பட்டது அச்சில் தடமே விடாது. ஒரு சொல்லை மாற்றாமல் விடுவதற்கும் ஒரு பகல் ஆலோசிக்க நேரும். செம்மையாக்கத்தின் அளவை மாற்றங்களின் எண்ணிக்கையால் அளப்பது, மருத்துவரின் திறமையை மருந்தின் எடையால் அளப்பது போன்றது.

சொற்றொகுதி பற்றி யேட்ஸ் தரும் செய்தியும் கருதத்தக்கது. எந்த ஆங்கிலச் சொல் உயிரிழந்துவிட்டது, எது இன்னும் உயிர்பெறவில்லை என்று தம்மால் பிரித்தறிய இயலவில்லை எனத் தாகூரே அவருக்கு எழுதியிருந்தாராம். இலக்கணப் பிழையின்றி எழுதவல்ல இரண்டாம் மொழியாளர் எவரும் சந்திக்கும் இடர் இது. அகராதி பொருளைத் தரும். சொல்லின் வயதைத் தராது. இவ்விடத்தில்தான் அவருக்கு வேறொருவர் செவி தேவைப்படுகிறது.

நூலை உருவாக்குதல் என்னும் பெரும்பணியோ ஏறக்குறைய முழுதும் தாகூருடையதே. இதை அவ்வாதத்தில் ஈடுபட்டோர் இருதரப்பிலும் போதிய அளவு கருதவில்லை. 1910இல் வந்த வங்கக் கீதாஞ்சலியில் 157 பாடல்கள். அவற்றுள் 53 மட்டுமே ஆங்கில நூலில் உள்ளன. எஞ்சியவை நைவேத்யம், கேயா, சிசு, 1914இல்தான் நூலாக வந்த கீதிமால்யம் முதலிய பிற தொகுதிகளுக்குரியவை. ஆங்கில நூலின் 95ஆம் கவிதை, நைவேத்யத்தின் இரு கவிதைகள் ஒன்றாக இணைந்தது. தேர்தல், நீக்கல், இணைத்தல், சுருக்கல் ஆகிய செயல்களை ஆசிரியர் தாமே தம் படைப்புகள் மீது நிகழ்த்தியிருக்கிறார். யேட்ஸ் வந்தது அதன் பின்னரே. கவிதைகளின் வரிசையில் அவர் பங்கு எவ்வளவாயினும், நூலின் கரு அவர் கைக்கு வருமுன் அமைந்துவிட்டது.

கூலியாக வந்த காணிக்கை

அக்காலத்தில் இப்பணிக்குப் பெயரும் இல்லை, கூலியும் இல்லை. நட்பு அதைச் செய்தது. காணிக்கைப் பக்கம் அதற்கு விலையாயிற்று. கீதாஞ்சலி ரோதன்ஸ்டைனுக்கும், ‘தோட்டக்காரன்’ யேட்ஸுக்கும், ‘பிறைநிலா’ கவிஞர் ஸ்டர்ஜ் மூருக்கும் காணிக்கையாக்கப்பட்டன. காணிக்கையாக்கம் அன்பை அறிவிக்கிறது. என்ன செய்தார் என்பதை அறிவிப்பதில்லை. நன்றி வேண்டாம் என்ற யேட்ஸின் பெருந்தன்மையும் அதே பயனைத்தான் தந்தது. ஐயத்தைத் தவிர்க்கவென மறைத்தது ஐயத்தை வளர்த்தது. முன்னுரையில் இரண்டு வரி எழுதப்பட்டிருப்பின் பகைவர்க்குச் சில நாள் பேச்சுக் கிட்டியிருக்கும். எழுதப்படாததால் நூறாண்டுப் பேச்சுக் கிட்டியது.

உறவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1916இல் வந்த ‘கனி சேர்த்த’லில் தமக்கு ஊக்கமில்லை என்று யேட்ஸ் அதே 1917 கடிதத்தில் கூறிவிட்டார். நோபல் பரிசுக்குப் பின் தாகூரின் ஆங்கில நூல்கள் விரைந்து விரைந்து வெளிவந்தன. வாரக்கணக்கில் செவி கொடுத்துத் திருத்த எவருக்கும் பொழுதில்லை. 1921இல் எட்வர்டு தாம்சனுக்கு எழுதிய கடிதமொன்றில், மொழிபெயர்க்கையில் கடினமானவற்றை அஞ்சி ஒதுக்கியதால் தம் கவிதை வழவழப்பாகவும் மெலிந்தும் போயிற்று என்று தாகூரே ஒப்புக்கொண்டார். யேட்ஸ் 1935இல் ரோதன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதம் கடுமையானது. தாமும் ஸ்டர்ஜ் மூரும் மூன்று நல்ல நூல்களை வெளிக்கொணர்ந்ததாகவும், பின்னர்த் தாகூர் மலிவான உணர்ச்சிக் குப்பையை வெளியிட்டுத் தம் புகழைக் கெடுத்துக்கொண்டதாகவும், இந்தியர் எவருக்கும் ஆங்கிலம் தெரியாது என்றும் அதில் சினந்து எழுதுகிறார். கடைசிக் கூற்று பொருட்படுத்தத் தக்கதன்று. ஆயினும் கூலியும் குறிப்பும் வேண்டாமென்றவர் உள்ளத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு கணக்கு எழுதப்பட்டு வந்தது என்பதை அச்சினம் காட்டிவிடுகிறது.

இடைப்படி எஞ்சியிருந்தால் என்ன நேரும் என்பதற்கு அதே வட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. எலியட்டின் ‘பாழ்நிலம்’ 1922இல் வெளிவருமுன் எஸ்ரா பவுண்டு அதன் தட்டச்சுப்படியை வெட்டி ஏறத்தாழப் பாதியாக்கினார். அத்திருத்தப்படி நீண்டகாலம் காணாமற்போனதாகக் கருதப்பட்டு, நியூயார்க் பொதுநூலகத்தில் இருப்பது 1968இல் அறிவிக்கப்பட்டது. 1971இல் நிழற்படப் பதிப்பாக வந்தது. பவுண்டு வெட்டியது யேட்ஸ் திருத்தியதைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. இருந்தும் அக்கவிதை பவுண்டினுடையது என்று எவரும் வாதிடுவதில்லை. ஒவ்வொரு கோடும் யார் கையால் விழுந்தது என்பது கண்ணுக்குத் தெரிவதால் பழி சொல்ல இடமில்லாமற் போயிற்று.

இந்தியாவிலேயே இத்தகைய பாதுகாப்புக்கு எடுத்துக்காட்டு உண்டு. மகாவீர் பிரசாத் துவிவேதி 1903 முதல் 1920 வரை ‘சரஸ்வதி’ என்னும் இந்தி இதழின் ஆசிரியராக இருந்தார். வந்த படைப்புகளைச் சொல் சொல்லாகத் திருத்தியவர், தம் திருத்தங்களோடு கூடிய கையெழுத்துப்படிகளைக் காசி நாகரி பிரசாரிணி சபைக்கு அளித்தார். கடிபோலி உரைநடை தரப்பட்ட வரலாற்றை எழுதுவோர்க்கு அவை முதன்மைச் சான்றுகள். அங்கு அதிகாரம் இதழாசிரியரிடம் இருந்தது, எழுதியவர்களுக்கு மறுக்கும் உரிமை குறைவு என்பது உண்மையே. எனினும் யார் எதை மாற்றினார் என்பதில் ஐயம் இல்லை.

இன்று செம்மையாக்குநரை அமர்த்தும் ஆசிரியர்கள் பெரும்பாலும் கவனிப்பது கட்டணத்தையும் கால எல்லையையும். அமைப்பைப் பற்றிய கருத்துரை மட்டும் வேண்டுமா, வரிவரியாகத் திருத்தமும் வேண்டுமா என்பதையும், திருத்தத்தை மறுக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதையும், பெயர் எங்கு எவ்வாறு குறிக்கப்படும் என்பதையும் எழுத்தில் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வோரும் உளர். முழுநூலையும் ஒப்படைக்குமுன் ஓர் இயலை மட்டும் கொடுத்துச் செம்மையாக்குநரின் கையை அறிந்துகொள்வதும் நல்ல வழக்கே. ஒப்பந்தங்களில் அரிதாகவே காணப்படுவது இடைப்படியைப் பற்றிய விதி. கணிப்பொறியில் ஒவ்வொரு மாற்றமும் வண்ணத்தில் தெரிகிறது. யார், எந்நாளில் செய்தார் என்பதும் பதிவாகிறது. ஆனால் ‘அனைத்தையும் ஏற்றுக்கொள்’ என்னும் ஒரே கட்டளையில் அவ்வண்ணங்கள் மறைகின்றன. அக்கோப்பின் மீதே புதிய கோப்பு சேமிக்கப்படுகிறது. தாகூர் தவறவிட்ட தட்டச்சுப் பக்கங்களுக்கு நேர்ந்தது, அவற்றினும் எளிதாக, நாள்தோறும் நேர்கிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் விளையும் இடருக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பள்ளிப் பாடநூல்களால் பரவலாக அறியப்பட்ட, அச்சமற்ற மனத்தைப் பாடும் 35ஆம் கவிதை, 1901இல் வந்த நைவேத்யத்தைச் சேர்ந்தது. வங்க மூலத்தின் இறுதியில் கவிஞர், தந்தையே, உன் கையாலேயே இரக்கமற்று அடித்துப் பாரதத்தை அந்தச் சுவர்க்கத்தில் விழிக்கச் செய் என்று வேண்டுகிறார். ஆங்கிலத்தில் அந்த அடி இல்லை. ‘பாரதம்’ என்ற பெயரும் இல்லை, பொதுவாகத் தம் நாடு என்றே உள்ளது. தண்டனையை வேண்டும் குரல் மென்மையான வேண்டுதலாகிவிட்டது. வங்க மூலமும் அச்சு நூலும் மட்டும் கையிலிருப்பவர் இம்மாற்றத்தை ஆசிரியரின் துணிபாகவும் கொள்ளலாம், செம்மையாக்குநரின் விருப்பமாகவும் கொள்ளலாம். ஆங்கில நூலை மூலமாகக் கொண்ட தமிழாக்கத்தில் அந்த அடி வர வழியில்லை. வங்கத்திலிருந்து நேரே பெயர்த்தவர் அதை விட வழியில்லை. இரண்டையும் ஒருங்கே வாசிக்கும் தமிழர், முதலாமவர் விட்டுவிட்டார் என்றோ இரண்டாமவர் சேர்த்துவிட்டார் என்றோதான் எண்ணுவார்.